இமை சிவந்திருந்த ஆடு

பத்து நாளில் மூன்று குட்டிகள் செத்ததைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் குட்டிகளை விட்டுவிட்டு மனசு ஒட்டுவிடம்தான் போய் நிற்கிறது. ஒட்டு செத்த ஆடு இல்லை. இதை எழுதுகிற இந்த நிமிடம் கொட்டிலுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்கிற ஆடு. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஒட்டு இரட்டைக் குட்டிகளில் ஒன்றாகப் பிறந்தது. தாய் ஒன்றை நக்கிச் சேர்த்துக்கொண்டு இதை முட்டித் தள்ளிவிட்டது. தாயைக் கட்டிப் பிடித்துச் சீம்பாலை மட்டும் பீச்சி எடுத்து, பிறந்த சில மணி நேரத்துக்குள் புட்டியில் ஊட்டிவிட்டேன். அதன் பிறகு ஏழெட்டு வாரம் நான்தான் தாய். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து பாலைச் சூடாக்கியிருக்கிறேன். ஒட்டுப்புல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடாதே, அதுபோல என் காலைப் பிடித்துக்கொண்டே திரியும் என்பதால் ஒட்டு. புட்டிப்பாலில் வளர்ந்த ஆட்டுக்கு மந்தை என்பது இரண்டாம்பட்சம். மற்ற ஆடுகள் என்னைக் கண்டு விலகிப்போனால் இது என்னைக் கண்டு ஓடிவரும். ஓடிவருகிற ஆட்டுக்குக் கையில் இருப்பதைக் கொடுக்காமல் எப்படி இருப்பது? தினமும் ஒரு பிடி, பிறகு இரண்டு பிடி. தானியமோ பிண்ணாக்கோ ஏதாவது ஒன்று. பண்ணையிலேயே பளபளவென்று இருந்த ஆடு அதுதான். வருகிறவர்களிடம் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

பண்ணை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். பதினான்கு பெட்டைச் செம்மறிகள், ஒரு கிடா, மூன்று வெள்ளாடுகள், ஒரு பசுவும் கன்றும், எண்ணிக்கை நிலையாக இல்லாத கோழிகள், கோழிகளைத் துரத்துவதை மட்டும் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு நாய். இவ்வளவும் ஒரு வேலிக்குள்.

காலண்டரில் சிவப்பு வட்டம்

முதல் நான்கு வருடமும் குடற்புழு மருந்து கொடுப்பதில் என்னைப் போல ஒழுங்கானவன் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலண்டரில் சிவப்பு வட்டம். அந்த நாளில் எல்லா ஆடுகளையும் மடக்கி, வாயைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு. எடை பார்க்கத் தராசு கிடையாது, கண்ணளவுதான். கண்ணளவு பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாக்கின் பின்பக்கம் ஊற்றாமல் வாயின் முன்பக்கத்திலேயே பீச்சிவிடுவேன். அப்படிச் செய்தால் பால் குடிக்கும்போது மூடிக்கொள்கிற அந்தக் குழாய் மாதிரியான மடிப்பு மூடிக்கொண்டு, மருந்து முதல் இரைப்பையில் தங்காமல் நேராகக் கீழே போய்ச் சீக்கிரம் வெளியேறிவிடக்கூடும் என்பதும் தெரியாது. வெள்ளாட்டின் உடம்பு அந்த மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும், அதற்கு அளவே வேறு, அதையும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு வருடமும் ஒரே மருந்து, ஏனென்றால் முதல் வருடம் அது நன்றாக வேலை செய்தது.

இதில் நான் ரொம்பப் பெருமைப்பட்ட ஒன்று உண்டு. மருந்து கொடுத்த அன்றே மந்தையைப் புது மேய்ச்சலுக்கு மாற்றிவிடுவேன். வயிறும் சுத்தம், புல்லும் சுத்தம் என்பது கணக்கு. ஒரு காலத்தில் பலரும் சிபாரிசு செய்த முறைதான் இது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மருந்தில் செத்தவை செத்துவிட்டன. தப்பித்தவை மட்டும், அதாவது அந்த மருந்தைத் தாங்குகிற புழுக்கள் மட்டும், ஆட்டின் வயிற்றில் உட்கார்ந்து புது நிலத்துக்கு வண்டியேறிப் போகின்றன. அங்கே அவற்றோடு கலந்து இனத்தை நீர்க்கச் செய்ய மருந்துக்குச் சாகிற சாதாரணப் புழு ஒன்றுகூட இல்லை. நான்கு வருடம், வருடத்துக்கு நான்கு முறை, பதினாறு தடவை பொறுக்கி எடுத்த விதையை விதைப்பது போல இதைச் செய்திருக்கிறேன்.

நான் ஒருவன் மட்டும் செய்த முட்டாள்தனம் இல்லை என்பது பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1961-ல் தயாபெண்டசோல் என்ற புழு மருந்து வந்தபோது ஆட்டுப் புழுவுக்கு முடிவு கட்டியாயிற்று என்று பேசினார்கள். சில வருடங்களிலேயே அதற்குச் சாகாத புழுக்கள் வந்துவிட்டன. 1981-ல் ஐவர்மெக்டின் என்ற இன்னொரு மருந்து வந்தது. அதைக் கண்டுபிடித்ததற்காகக் காம்பெலுக்கும் ஓமுராவுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது, மனிதர்களுக்கு அது செய்த நன்மைக்குத் தகும். ஆனால் ஆட்டின் வயிற்றில் இருக்கிற புழு நோபல் பரிசையெல்லாம் மதிப்பதாக இல்லை. அந்த மருந்து வந்த பத்து வருடத்துக்குள்ளேயே தென்னாப்பிரிக்காவில் அதையும் தாங்குகிற புழுக்களைப் பார்த்துவிட்டார்கள்.

மூன்றாவது குட்டி

மழை ஓய்ந்து இளவெயில் அடித்துக்கொண்டிருந்த வாரம். புல் கண்ணுக்கு விருந்தாக இருந்தது. பால் மறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு குட்டி, மந்தையோடு நடக்க முடியாமல் பின்தங்கி, படுத்து, காலையில் எழவில்லை. பாம்பு என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து இன்னொன்று. இதற்குச் சாவதற்கு முந்தைய நாள் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை தொங்குவது போல வீங்கியிருந்தது, அழுத்தினால் குழி விழுந்தது. புழுவாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் கழிச்சல் இல்லை. புழுக்கை நல்ல உருண்டையாக, கெட்டியாகத்தான் இருந்தது. புழு என்றால் கழியும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். அதோடு மருந்து கொடுத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. காலண்டரில் வட்டம் இருக்கிறதே.

மூன்றாவது செத்த அன்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். வந்தவர் செத்த குட்டியை விட்டுவிட்டு முதலில் உயிரோடு இருந்த ஒரு குட்டியைப் பிடித்து, கட்டைவிரலால் மேலிமையை அழுத்தி, கீழிமையை இழுத்து உள்பக்கத்தைக் காட்டினார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. "இது என்ன நிறம் தம்பி?" என்றார். வெள்ளை என்றேன். "இங்க வெள்ளை இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, செத்த குட்டியை அறுக்கக் கத்தி கேட்டார்.

நான்காவது இரைப்பையை வெட்டித் திறந்தபோது முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கலங்கலான பழுப்பு நீர். அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசினார். அப்போதுதான் அது அசைந்தது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நூல் துண்டுகள், நூறு நூறாக. ஒன்றை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கியது போல இருந்தது. சிவப்பு, அது குடித்த ரத்தம் நிறைந்த குடல். வெள்ளை, அதைச் சுற்றிக்கொண்டிருக்கிற கருப்பை. ஹீமாங்கஸ் என்று பெயர். ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.05 மில்லி ரத்தத்தைத் தீர்த்துவிடும், ஒன்றுமே இல்லாத அளவு. ஆனால் 2,000 புழு இருந்தால் 100 மில்லி. இருபது கிலோ குட்டியின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே ஒன்றேகால் லிட்டர்தான். தினமும் பன்னிரண்டில் ஒரு பங்கு போனால் எத்தனை நாள் தாங்கும்? குடலை அரிக்காமல் ரத்தத்தை மட்டும் குடிப்பதால்தான் கழிச்சல் இல்லை. ரத்தத்தில் புரதம் வற்றிப்போய் நீர் கசிந்து சேர்வதுதான் அந்தத் தாடை வீக்கம்.

"இப்பவே எல்லாத்துக்கும் மருந்து குடுத்திடறேன்மா" என்றேன்.

"வெளுத்ததுக்கு மட்டும் குடு. வேற மருந்து எழுதித் தர்றேன். மத்ததைத் தொடாதே."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று செத்திருக்கிறது, மிச்சத்தை அப்படியே விடச் சொல்கிறாரே என்று. அவர் கத்தியைக் கழுவிக்கொண்டே, "எல்லாத்துக்கும் குடுத்துக் குடுத்துத்தான் இங்க வந்து நிக்கிறே" என்றார். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. நான்கு வருடமாக அக்கறை என்று நினைத்துச் செய்த காரியம் அது.

அவர் இமையைப் பார்த்த முறைக்கு ஃபமாச்சா என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் அங்கே உருவானது. ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரிலிருந்தும் சார்ட் என்ற சொல்லிலிருந்தும் ஒட்டவைத்த பெயர். ஒரு அட்டையில் ஐந்து நிறம், ரத்தச் சிவப்பிலிருந்து வெளுப்பு வரை. 1, 2 என்றால் மருந்து வேண்டாம். 4, 5 என்றால் கட்டாயம். 3 என்றால் ஆட்டின் நிலையைப் பார்த்து முடிவு. நல்ல வெளிச்சத்தில் அட்டையைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட வேண்டும், ஞாபகத்தில் வைத்துப் பார்த்தால் நம் கண் நம்மையே ஏமாற்றும். புழுப் பெருகுகிற காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இதன் அடிப்படை எளிது. மந்தையில் ஏறத்தாழ கால்வாசி ஆடுகளிடம்தான் பெரும்பாலான புழுக்கள் இருக்கும். அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவைத்தால், மருந்தைப் பார்த்தே இராத புழுக்கள் மேய்ச்சலில் மிஞ்சும். மருந்தைத் தாங்குகிறவை அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும்.

அன்று மாலையே எல்லா ஆடுகளின் இமையையும் பார்த்தேன். முதலில் ஓடிவந்தது ஒட்டு. நல்ல சிவப்பு. 1. நிம்மதியாக நோட்டில் எழுதிக்கொண்டேன். செத்த மூன்றில் இரண்டு அது ஈன்றவை என்பது அப்போது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. பாவம், தாய்க்கு எப்படி இருக்கும் என்றுதான் தோன்றியது. அன்றைக்கு இரண்டு பிடி கூடுதலாகக் கொடுத்தேன்.

பதினான்கு டப்பா

டாக்டரம்மா அடுத்த முறை வந்தபோது ஒவ்வொரு பெட்டையின் புழுக்கையையும் தனித்தனியாகக் கேட்டார். ஆட்டின் பின்னால் டப்பாவோடு நிற்பதைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. புழுக்கையை நசுக்கி, உப்பை நிறையக் கரைத்த நீரில் கலக்கினால் புழு முட்டைகள் மிதந்து மேலே வரும். கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் எடுத்து நுண்ணோக்கியில் எண்ணி, 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று கிடைக்கும். 200, 350, 0, 500, 150 என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு டப்பாவை மட்டும் அவர் இரண்டு முறை எண்ணினார். 6,000-க்கும் மேல்.

ஒட்டு.

நான் நம்பவில்லை. டப்பா மாறியிருக்கும் என்றேன். ஈன்ற சமயத்தில் எல்லா ஆட்டுக்கும் எதிர்ப்புச் சக்தி குறையும், முட்டை கூடும், அதனாலும் இருக்கலாம் என்று அவரே சொன்னார். குட்டிகள் பால் மறந்தபின் மறுபடி பார்த்தோம், அதற்குப் பின்னும் ஒருமுறை. மூன்று தடவையும் அதுவேதான் முதலிடம். ஆடு ஒரு நாளைக்கு ஒரு கிலோ புழுக்கை போடுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட அறுபது லட்சம் முட்டை. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் பொரித்து, வளர்ந்து, பனித்துளியில் ஏறிப் புல்லில் காத்திருக்கும். என் பின்னாலேயே பண்ணையின் மூலை முடுக்கெல்லாம் வருகிற ஆடு அது. நான் போன இடமெல்லாம் விதைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

இமை ஏன் வெளுக்கவில்லை? டாக்டரம்மா இரண்டு விதமான ஆடு உண்டு என்றார். புழுவை உடம்பில் நிலைக்க விடாமல் விரட்டுகிற ஆடு ஒன்று. புழுவை வைத்துக்கொண்டே தாங்கிக்கொள்கிற ஆடு இன்னொன்று. இரண்டும் வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்று ஒன்றாகத்தான் இருக்கும். இழந்த ரத்தத்தைத் திரும்ப உண்டாக்கப் புரதம் வேண்டும், அது தீவனத்தில் தாராளமாகக் கிடைத்தால் தாங்குகிற ஆடு இன்னும் நன்றாகத் தாங்கும். "இதுக்குத் தனியா ஏதாவது குடுக்கறியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஒட்டு என் கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தைத்தான் என்னால் கடக்க முடியவில்லை. பதினான்கு ஆட்டில் நான் தினமும் உற்றுப் பார்த்த ஆடு அது ஒன்றுதான். கண், மூக்கு, குளம்பு, கம்பளி எல்லாம் பார்ப்பேன். நான் கொடுத்த பிடிப் பிண்ணாக்கு அதன் ரத்தத்தை நிரப்பிக்கொண்டே இருந்தது. அது நிரம்ப நிரம்ப, வெளியே எதுவும் தெரியாமல் போனது. பிடிப் பிண்ணாக்கு கிடைக்காத குட்டிகள் அதே புல்லைத் தின்று செத்தன. ஆட்டோடு ஒட்டாமல் இருந்தால்தான் நன்றாக வளர்க்க முடியும் என்று சிலர் சொல்லும்போது நான் சண்டைக்குப் போவேன், ஒட்டுகிறவன்தானே பார்க்கிறான் என்று. இப்போதும் அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் முன்போல அடித்துப் பேச வாய் வரவில்லை.

மாட்டோடு ஓர் ஆடு

அடுத்து என்ன செய்வது? புழுவுக்கு இடம்கொடுக்கிற குணம் ஓரளவு தாயிடமிருந்து குட்டிக்கும் வரும், அதனால் இனி ஒட்டுவைக் கிடாவிடம் சேர்க்கக் கூடாது. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆட்டை என்ன செய்வது என்பதில்தான். விற்றுவிடலாம் என்றார்கள். பார்க்க அழகாக இருக்கிற ஆடு, யாரும் வாங்குவார்கள், வளர்க்கத்தான் வாங்குவார்கள். வாங்குகிறவர் மேய்ச்சலில் நாளுக்கு அறுபது லட்சம் முட்டை. சொல்லிவிட்டு விற்றால் யாரும் வாங்கமாட்டார்கள், சொல்லாமல் விற்க என்னால் ஆகாது. கறிக்குக் கொடுத்துவிடலாம். மற்ற ஆடுகளைக் கொடுத்திருக்கிறேன், அதற்காகத்தானே வளர்க்கிறேன், அதில் நான் சாதுவேஷம் போடவில்லை. ஒட்டுவைக் கொடுக்க முடியவில்லை என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. மனைவிதான் சொன்னாள்: "கணக்கெல்லாம் சரிதாங்க. ஆனா பேரு வெச்சது நீங்கதானே."

கடைசியில் பசுவோடு சேர்த்தேன். இந்தப் புழுவுக்குச் செம்மறியும் வெள்ளாடும்தான் வீடு. பசுவின் வயிற்றில் பெரும்பாலும் பிழைக்காது. ஆடு புழுக்கை போட்ட நிலத்தில் பசு மேய்ந்தால், புல்லோடு அந்த இளம்புழுக்களையும் தின்று தீர்த்துவிடும். ஆடு, மாடு, கோழி என்று கலந்து வைத்திருப்பதில் இப்படி ஒரு லாபம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. தீவனச் செலவு மட்டும்தான் தெரியும். இப்போது மேய்ச்சலை ஆறு துண்டாகப் பிரித்து, ஆடு போன துண்டில் அடுத்துப் பசுவை விடுகிறேன், ஆடு திரும்ப வர முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன். நல்ல வெயில் காலமென்றால் இளம்புழு சீக்கிரம் காய்ந்து சாகும், குளிர்ந்த ஈரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் இதற்கு ஒரே கணக்கு என்று கிடையாது. புல்லை ஒட்டக் கடிக்கவும் விடுவதில்லை, தரையிலிருந்து நாலு விரலுக்குள்தான் பெரும்பாலான இளம்புழு இருக்கும். வெள்ளாடுகளுக்கு முடிந்தவரை தழை, அண்ணாந்து தின்கிறவரை அவற்றுக்குக் கவலை குறைவு. ஒட்டுவும் பசுவும் சேர்ந்து மேய்கிற துண்டில் மட்டும் வேறு எந்த ஆட்டையும் விடுவதில்லை. கோழிகள் சாணத்தைக் கிளறி வெயிலில் பரப்புகின்றன. பாத்தியையும் சேர்த்துத்தான் கிளறுகின்றன.

பசுவோடு சேர்த்ததும் புதிய தொல்லை வந்தது. பசுவுக்குத் தொங்கவிட்டிருந்த தாது உப்புக் கட்டியை ஒட்டு நக்கிக்கொண்டிருந்ததை ஒரு மாலையில் பார்த்துப் பதறிப்போய் அறுத்தெடுத்தேன். மாட்டுக்கான கட்டியில் தாமிரம் இருக்கும். மாட்டுக்கு அது வேண்டும், செம்மறிக்கு அந்த அளவே விஷம். செம்மறியின் ஈரல் தாமிரத்தை வெளியேற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கும், பல வாரம் ஒன்றுமே தெரியாது, ஒரு நாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ஆட்டைச் சாய்த்துவிடும். இமை சிவப்பாக இருப்பதை நம்பியவன் இந்த ஈரலையும் நம்பியிருப்பேன். இப்போது கட்டி ஆடு எட்டாத உயரத்தில், பசு கழுத்தை நீட்டி நக்குகிற மாதிரி தொங்குகிறது. கோழித் தீவனமும் பூட்டுக்குள் போய்விட்டது.

பிண்ணாக்குப் பிடியை நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் வேலியோரம் நின்று கத்தியது. செம்மறிகள் ஐம்பது சக ஆட்டு முகங்களை இரண்டு வருடத்துக்கும் மேல் ஞாபகம் வைத்திருந்ததாக 2001-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது, மனித முகங்களையும் அவை பிரித்தறியும் என்கிறார்கள். என் முகத்தை மறக்க அதற்கு எத்தனை நாளாகும் என்று அப்போது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது பசு படுத்தால் அதன் முதுகோரம் சாய்ந்து படுத்து அசை போடுகிறது. கத்துவது முழுதாக நிற்கவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் என் காலடிச் சத்தம் கேட்டால் ஆரம்பித்துவிடும், இதோ இப்போது மாதிரி.

அன்றிலிருந்து குட்டிகள் சாகவே இல்லை என்று சொல்ல ஆசைதான். போன மழையில் ஒன்று போயிற்று. இமை பார்க்க நான் ஒரு வாரம் தாமதித்துவிட்டேன். மற்றபடி ஒரு பருவத்தில் மருந்து வாங்குகிற ஆடுகள் நான்கோ ஐந்தோதான், மருந்து கொடுத்துப் பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி முட்டை எண்ணி, மருந்து கேட்கிறதா என்று பார்த்துவிடுகிறோம். பழைய மருந்துக்கு முட்டை பாதிகூடக் குறையவில்லை, அதைத் தனியாக ஒதுக்கி வைத்தாயிற்று. காலண்டர் சுவரில் இருக்கிறது, வட்டம் இல்லை.

நேற்றும் இமை பார்க்கிற நாள். மற்றவற்றை மூலையில் மடக்கித்தான் பிடிக்க வேண்டும். ஒட்டுவைப் பிடிக்க வேண்டாம், அதுவே வந்து முகத்தைத் தூக்கிக் காட்டும். கீழிமையை இழுத்தேன். நல்ல சிவப்பு. நோட்டில் 1 என்று எழுதினேன். எழுதிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு அதன் பின்பக்கம் போய் நின்றேன்.